கதவைச் சாத்திக் கேட்ட கேள்வி

அத்தியாயம் 11

ஐயோவாவை நான் பார்த்ததில்லை. ஆனால் மூன்று வாரமாக எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் ஐயோவாதான் பரிமாறப்படுகிறது. காலையில் கஞ்சியோடு ஐயோவா, மத்தியானம் பன்றி இறைச்சியோடு ஐயோவா, சாயங்காலம் ஜெபத்துக்கு முன்னால் கொஞ்சம், பின்னால் கொஞ்சம்.

பரிமாறுகிறவர் என் அண்ணன் ஜோத்தம் பெக்வித். வயது ஐம்பத்தாறு. மேற்கே ஐயோவாவில் குடியேற ஆள் பிடிக்கிற ஏஜென்ட் ஒருவன் கொடுத்துவிட்டுப் போன துண்டுப் பிரசுரம் அவர் சட்டைப் பையிலேயே இருந்து இருந்து துணி மாதிரி ஆகிவிட்டது.

"கல்லே கிடையாதாம்டா ஓபெட்! மண்ணு அவ்வளவு மெத்துன்னு இருக்குமாம். ஏர் பிடிச்சா கலப்பையே தூங்கிப்போயிடுமாம்!"

அண்ணனைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. நியூயார்க் மாநிலத்தின் இந்த மேட்டு நிலத்தில் தவறாமல் விளைகிற பயிர் கல் ஒன்றுதான். இருபத்தேழு வருஷமாக அதைப் பொறுக்கிப் பொறுக்கி அவர் முதுகு கேள்விக்குறி மாதிரி வளைந்துவிட்டது. நான் அந்தக் கல்லில் ஒன்றைக்கூடத் தூக்கியவன் இல்லை. எனக்கு முழங்கால் வாதம். அதனால் ஊர் என்மேல் பரிதாபப்பட்டு நீதிபதியாகத் தேர்ந்தெடுத்தது.

அப்படித்தான், போன வாரம் அண்ணன் எங்கள் ஆப்பிள் தோப்பையும் வீட்டையும் லூமிஸ் என்கிற ஆலைக்காரருக்கு விலை பேசி முடித்தார். இன்றைக்கு, வியாழக்கிழமை, பத்திரம் எழுதுகிற நாள். நாளை மறுநாள், சனிக்கிழமை, கால்வாய்ப் படகில் எங்கள் வீட்டில் நான்கு பேருக்கும் இடம் சொல்லியாகிவிட்டது.

இதில் ஒரு விஷயம் சொல்ல வேண்டும். தோப்பும் வீடும் அண்ணனுடையவை அல்ல. அண்ணி அக்ஸாவுக்கு அவள் அப்பா விட்டுப்போனவை. கல்யாணமான பெண்ணின் நிலத்தைப் புருஷன் ஆளலாம், உழலாம், அறுக்கலாம். விற்பதற்கு மட்டும் அவள் கையெழுத்து வேண்டும். அதுவும் போதாது. ஒரு நீதிபதி அவளைப் புருஷன் கண்ணில் படாத இடத்துக்குத் தனியாக அழைத்துப்போய், கதவைச் சாத்தி, 'பயமோ கட்டாயமோ இல்லாமல் மனசோடுதான் கையெழுத்துப் போட்டாயா?' என்று கேட்க வேண்டும். 'ஆம்' என்றால்தான் பத்திரம் செல்லும்.

பன்னிரண்டு வருஷமாக இந்த ஊரில் அந்தக் கேள்வியைக் கேட்டு வருகிறவன் நான்தான். கேட்ட அத்தனை பெண்களும் 'ஆம்' என்றார்கள். என் கேள்வி அவ்வளவு நன்றாக இருக்கிறது என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

*

காலையில் அடுப்படி மேசையில் நாங்கள் மூன்று பேர்.

அண்ணி ஒரு பக்கம் மாவைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். நடுவில் நான், எனக்கு முன்னால் மைக்கூடு. எதிரில் அண்ணன் மகள் கெத்தூரா, அவளுக்கு முன்னாலும் மைக்கூடு. அவள் பேனாவைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

கெத்தூராவுக்கு இருபத்தாறு வயது. எங்கள் ஊரில் கல்யாணமாகாத பெண்ணுக்கு இருபத்தாறு என்றால் குரலைத் தாழ்த்திக்கொண்டுதான் சொல்வார்கள். அவள் பட்டணத்து வாரப் பத்திரிகை ஒன்றில் தொடர்கதை எழுதுகிறாள். பெயர் 'கே. பெக்வித்' என்று போட்டுக்கொள்வதால், ஆசிரியர் அவளை மீசை வைத்த ஆசாமி என்று நம்பிக்கொண்டிருக்கிறார்.

அந்த ஆசிரியரிடமிருந்து போன வாரம் வந்த கடிதத்தை அவள் இப்போது இருபதாவது தடவையாகப் படித்தாள்.

"'அன்புள்ள ஐயா, கடைசி அத்தியாயத்தில் செலஸ்டியாவுக்கும் கர்னலுக்கும் கல்யாணத்தை முடித்துவிடவும். தொப்பிக் கடையை மூடிவிடவும். கோயில் மணி அடிக்கட்டும். நம் வாசகர்கள் குடும்பஸ்தர்கள்.' சித்தப்பா, என்னால முடியலை."

"மணி அடிக்கிறதுல என்னம்மா கஷ்டம்? கயித்தைப் பிடிச்சு இழுத்தா அடிச்சுட்டுப் போகுது."

"இருபது வாரமா அந்தப் பொண்ணு தனியா கடை நடத்தினா. வெள்ளம் வந்துச்சு, நடத்தினா. தீப்பிடிச்சுது, நடத்தினா. இப்ப ஒரு மீசை வந்ததும் கடையை மூடணுமாம்!"

"மீசை நல்ல மீசைதானே? பதினாலாவது அத்தியாயத்துல ரெண்டு பக்கம் வர்ணிச்சிருந்தியே."

"அது பக்கம் நிரப்ப எழுதினது."

அண்ணி மாவை ஒரு சுற்றுச் சுற்றித் தட்டில் போட்டாள். கதையைப் பற்றி அவள் அதிகம் பேசமாட்டாள். ஆனால் பத்திரிகை வந்த அன்றைக்கு எங்கள் வீட்டில் ரொட்டி கருகும்.

"ஏண்டி," என்றாள், தலையைத் தூக்காமலே, "அந்தப் பொண்ணை யாராவது கேட்டாங்களா?"

"என்னன்னு?"

"இஷ்டமான்னு."

கெத்தூரா யோசித்தாள். "கதையில அப்படிக் கேக்கிறது இல்லம்மா. அவன் மண்டி போடுவான். அவ தலையைக் குனிஞ்சுக்குவா. அடுத்த வரியில மணி அடிச்சுடும்."

"கேக்கறதுக்கு ஒரு ஆளை வை. பதில் சொல்ல அவளுக்கு ஒரு நிமிஷம் குடு. அப்புறம் மணி அடிக்கலாமா வேணாமான்னு பாத்துக்கலாம்."

அவ்வளவுதான். மாவின் ஓரத்தை விரலால் கிள்ளிக் கிள்ளி மடிப்பு வைக்கப் போய்விட்டாள்.

இதை நான் அப்போதே காதில் வாங்கியிருக்க வேண்டும். வாங்கவில்லை. நான் என் வேலையில் இருந்தேன். பத்திரத்தின் அடியில் ஒட்ட வேண்டிய சான்றிதழை எழுதிக்கொண்டிருந்தேன்: 'மேற்படி அக்ஸா பெக்வித்தை அவள் கணவனிடமிருந்து தனியே அழைத்து விசாரித்ததில், அச்சமோ கட்டாயமோ இன்றி, முழுமனதுடன் கையெழுத்திட்டதாக என் முன் ஒப்புக்கொண்டாள். ஓபெட் பெக்வித், நீதிபதி.' கையெழுத்தும் போட்டு, மையை உலர்த்தினேன்.

விசாரணை பத்தரை மணிக்கு. சான்றிதழை ஏழரைக்கே முடித்துவிட்டேன். எப்போதும் இப்படித்தான். வந்தவர்களைக் காக்க வைப்பது எனக்குப் பிடிக்காது.

விசாரிக்கப்பட வேண்டியவள் இரண்டடி தூரத்தில் நின்று, ஆப்பிளை மாவுக்குள் வைத்துச் சுடுகிற 'பை' பலகாரம் செய்துகொண்டிருந்தாள் என்பது எனக்கு வேடிக்கையாகக்கூடத் தோன்றவில்லை.

"எங்க போச்சு போன வாரப் பேப்பர்?" என்று கெத்தூரா மேசைக்கடியில் தேடினாள். "வந்த அன்னிக்கே காணாமப் போகுது, மூணு நாள் கழிச்சு வைக்கோல் ஒட்டிக்கிட்டுத் திரும்பி வருது. சித்தப்பா, தொழுவத்துல போயி ஒளிஞ்சு படிக்கிறீங்களா?"

"நான் எதுக்கு ஒளியணும்? கதை படிக்கிறது பாவம்னு சொல்றவர் உங்கப்பாதான். நான் பகிரங்கப் பாவி."

*

பத்து மணிக்கு லூமிஸ் வந்தார். நல்ல மனிதர் மாதிரி உடுத்தியிருந்தார். கூடத்தில் உட்கார்ந்து, இரும்பு அடுப்பின் பக்கம் காலை நீட்டிக்கொண்டார். அண்ணி காப்பி ஊற்றினாள்.

"அருமையான காப்பி, மிசஸ் பெக்வித். ஜோத்தம், ஒரு விஷயம். சனிக்கிழமை நீங்க கிளம்பினதும் திங்கக்கிழமை என் ஆளுங்க வருவாங்க. பனி விழறதுக்கு முன்னாடி மரத்தை எல்லாம் வெட்டித் தரையைச் சுத்தம் பண்ணியாகணும். மாவு ஆலைக்கு அஸ்திவாரம் போடணும்."

"எல்லா மரத்தையுமா?" என்றார் அண்ணன். கொஞ்சம் திடுக்கிட்டது உண்மை.

"விறகுக்கு நல்லா எரியும் ஆப்பிள் மரம்."

அண்ணி ஊற்றிய காப்பி ஒரு சொட்டுகூடச் சிந்தவில்லை. நான் கவனித்தேன். உறுதியான கை என்று பாராட்டிக்கொண்டேன். மடையன்.

பத்திரம் மேசையில் விரிந்தது. அண்ணன் கையெழுத்துப் போட்டார். பிறகு அண்ணி உட்கார்ந்தாள். அண்ணன் அவள் பின்னால் நின்று தோளில் கையை வைத்தார். அன்பாகத்தான் வைத்தார்.

"இங்க, அக்ஸா. இந்த வரியில."

அழகாகப் போட்டாள். எழுத்து எழுத்தாக, சாய்வு மாறாமல்.

அண்ணன் முகம் மலர்ந்துவிட்டது. ஆப்பிள் ரசம் எடுத்துவரச் சொல்லி கெத்தூராவைக் கூப்பிட்டார். லூமிஸ் பேனாவைத் துடைத்தார். என் சான்றிதழ் பத்திரத்தின் பக்கத்தில் தயாராகக் கிடந்தது.

"அந்தச் சடங்கையும் முடிச்சுடு ஓபெட்," என்றார் அண்ணன்.

"வாங்க அண்ணி. ஊர் வழக்கம், ரெண்டு நிமிஷம்."

எங்கள் வீட்டில் தனி இடம் என்பது அடுப்படிக்குப் பக்கத்தில் இருக்கிற உக்கிராண அறைதான். மாவு மூட்டை, உப்பிட்ட இறைச்சிப் பீப்பாய், பலகை அலமாரி. ஆள் இரண்டு பேர் நின்றால் நிறைந்துவிடும்.

வழக்கம்போலக் கதவை ஒரு விரற்கடை திறந்து வைத்தேன்.

"நல்லா சாத்துங்க தம்பி," என்றாள் அண்ணி.

சாத்தினேன். தொண்டையைச் செருமிக்கொண்டு, நீதிபதிக் குரலில் ஆரம்பித்தேன்.

"அக்ஸா பெக்வித்! கணவனுக்கு அஞ்சியோ, அவனுடைய கட்டாயத்தாலோ அல்லாமல், மனமொப்பி இந்தப் பத்திரத்தில் கையெழுத்திட்டாயா?"

"இல்லை."

"நன்றி," என்று சொல்லிக் கதவின் கைப்பிடியைப் பிடித்துவிட்டேன். பன்னிரண்டு வருஷப் பழக்கம்.

"தம்பி. இல்லைன்னு சொன்னேன்."

கைப்பிடியை விட்டேன்.

"அண்ணி, இது ஒரு முறைக்குக் கேக்கிறது."

"நானும் முறையாத்தான் பதில் சொல்றேன்."

"இப்பத்தானே கையெழுத்துப் போட்டீங்க! அவ்வளவு அழகா!"

"அவர் பின்னாடி நின்னு தோள்ல கையை வெச்சிருந்தார். போட்டேன். இப்ப தோள்ல கை இல்லையே."

 இக்கட்டில் ஜோக் அடிப்பது என் வழக்கம். அன்றைக்கு மாவு மூட்டையின் மேல் உட்கார்ந்தேன்.

"மேட்டுக் காட்டை வித்தப்ப இங்கதான் கேட்டீங்க. ஆத்தங்கரைப் புல்வெளியை வித்தப்பவும் இங்கதான். ரெண்டு தடவையும் நான் என்ன சொன்னேன்?"

"சரின்னு சொன்னீங்க."

"சொல்றப்ப என் முகத்தைப் பாத்தீங்களா?"

நான் யோசித்தேன். பொய் சொல்லலாம்தான். ஆனால் அந்த அறை ரொம்பச் சின்னது.

"இல்ல அண்ணி. அந்த அலமாரியைப் பாத்துட்டிருந்தேன். ஆப்பிள் பை இருந்துச்சு."

"தெரியும். அதனாலதான் இன்னிக்குப் பையை அடுப்படி ஜன்னல்ல வெச்சுட்டேன்."

திரும்பிப் பார்த்தேன். அலமாரி காலி. அப்போதுதான் வேறு வழியில்லாமல் அண்ணியின் முகத்தைப் பார்த்தேன். இருபத்தேழு வருஷமாக ஒரே மேசையில் சாப்பிடுகிறவன் நான். அவள் இடது புருவத்தில் ஒரு தழும்பு இருப்பது அன்றைக்குத்தான் தெரிந்தது.

"எங்கப்பா சாகிற வருஷம் அந்தத் தோப்பை வெச்சார்," என்றாள். "ஸ்பைங்கிற ஜாதி ஆப்பிள். வெச்சுப் பதினாலு வருஷம் கழிச்சுத்தான் முதல் காய் காய்க்கும். ஊர்ல எல்லாரும் சிரிச்சாங்க. பதினாலு வருஷம் நான் தண்ணி ஊத்தினேன், எலி கடிக்காம அடிமரத்துக்குத் துணி கட்டினேன், ஒரு காய் பாக்கல. அப்புறம் காய்ச்சுது. எனக்கு இப்ப அம்பத்தோரு வயசு தம்பி. ஐயோவாவுல கல்லு இல்லாம இருக்கட்டும். இன்னொரு பதினாலு வருஷம் எங்கிட்ட இல்லை."

"இதை அண்ணன்கிட்ட சொல்லியிருக்கலாமே."

"அவர் கேட்டாரா?"

கூடத்தில் அண்ணன் சிரிக்கிற சத்தம் கேட்டது. கோப்பைகள் உரசின. அப்போதுதான் எனக்கு அது ஞாபகம் வந்தது. 

"அண்ணி, ஒரு சின்னச் சிக்கல்."

"என்ன?"

"நீங்க ஆமான்னு சொன்னதாக் காலையிலேயே எழுதிட்டேன். கையெழுத்தும் போட்டுட்டேன். அது இப்ப அங்க மேசை மேல இருக்கு."

அண்ணி என்னை உற்றுப் பார்த்தாள்.

"நான் மாவு தேச்சிட்டிருக்கிறப்ப எழுதினீங்களே, அதுவா?"

"அதேதான்."

"அதுல நான் எப்படிச் சொல்லியிருக்கேன்?"

"முழுமனசோட."

"அப்படியா," என்றாள். கதவைத் தானே திறந்தாள். "போங்க. போயி என் பதிலைத் திருப்பி வாங்கிட்டு வாங்க."

*

நான் கூடத்துக்குள் நுழைந்தபோது லூமிஸ் எழுந்து நின்றுகொண்டிருந்தார். பத்திரம் மடிக்கப்பட்டிருந்தது. என் சான்றிதழ் அவர் கையில், அதையும் மடிக்கப் போகிற நிலையில்.

அந்தக் காகிதம் அவர் கோட்டுக்குள் போய்விட்டால், அப்புறம் நான் கத்தினாலும் அண்ணி கத்தினாலும் எடுபடாது. நீதிபதியின் கையெழுத்துக்கு எதிராக நீதிபதியின் வாய். யார் நம்புவார்கள்? நானே நம்பமாட்டேன்.

"முடிஞ்சுதா?" என்றார் லூமிஸ்.

"முடிஞ்சுது. அதைக் கொஞ்சம் குடுங்க. தேதி போட மறந்துட்டேன்."

இது பொய். தேதியெல்லாம் நான் மறப்பதே இல்லை. லூமிஸ் பார்க்காமலே நீட்டினார். என்னைச் சந்தேகப்பட வேண்டும் என்று இந்த ஊரில் யாருக்கும் இதுவரை தோன்றியதில்லை. அவ்வளவு சாதாரண ஆள் நான்.

வாங்கினேன். இரண்டு எட்டு வைத்தேன். முழங்கால் 'கடக்' என்றது. அடுப்பின் மூடியை வெறும் கையால் தூக்கி, காகிதத்தை உள்ளே போட்டேன். விரல் சுட்டதில் நான் போட்ட கூச்சலில் அந்தக் காரியத்துக்கு இருந்த கம்பீரம் எல்லாம் போய்விட்டது.

"ஓபெட்! என்னடா பண்றே?" அண்ணன் பாய்ந்து வந்தார்.

"அவங்க இல்லைன்னு சொல்லிட்டாங்க அண்ணே."

"எவங்க?"

"அண்ணி."

"எதை இல்லைன்னா?"

"எல்லாத்தையும்."

லூமிஸ் அடுப்பைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "நீயெல்லாம் ஒரு நீதிபதியா?"

"பத்தரை மணி வரைக்கும் எனக்கும் அந்தச் சந்தேகம் இருந்துச்சு," என்றேன், விரலை வாயில் வைத்துக்கொண்டு.

அண்ணனின் முகம் செங்கல் நிறத்துக்கு வந்தது. "கூடப் பிறந்தவன்னு சோறு போட்டேன்! முழங்கால் வலின்னா மூலையில உக்கார வெச்சேன்! வெளிய போடா! இப்பவே என் வீட்டை விட்டு வெளிய போ!"

"யார் வீடுங்க?"

அண்ணி அடுப்படி வாசலில் நின்றாள். உடுப்பில் காலை மாவு ஒட்டியிருந்தது. குரலை ஒரு இம்மிகூட உயர்த்தவில்லை. 'உப்பு வேணுமாங்க?' என்று கேட்கிற அதே குரல்.

அண்ணன் அவள் பக்கம் திரும்பினார்.

"அக்ஸா, நீ கையெழுத்துப் போட்டே. என் கண்ணால பாத்தேன்."

"உங்க கண்ணு பாக்கிறப்பத்தான் போட்டேன்."

"இஷ்டமில்லைன்னா எங்கிட்ட சொல்லியிருக்கணும்!"

"எப்ப கேட்டீங்க? கல்யாணமாகி இருபத்தேழு வருஷம். இத்தனை வருஷத்துல என்னைத் தனியாக் கூப்பிட்டு, கதவைச் சாத்தி, உனக்கு இஷ்டமான்னு கேட்டது இந்த மாநிலத்துச் சட்டம் ஒண்ணுதான். அதுவும் உங்க தம்பி வாயால, பையைப் பாத்துக்கிட்டே."

"பையை விட்டுடுங்களேன் அண்ணி," என்றேன் பலவீனமாக. யாரும் காதில் வாங்கவில்லை.

லூமிஸ் தொப்பியை எடுத்துக்கொண்டார். "ஜோத்தம், பொம்பளைங்க கோபம் ஒரு வாரம். இந்த மாவட்டத்துல இவன் ஒருத்தன்தான் நீதிபதியா? வேற ஆளைக் கூட்டிட்டு வந்தா ஆச்சு."

"கூட்டிட்டு வாங்க மிஸ்டர் லூமிஸ்," என்றாள் அண்ணி. "காப்பி போட்டு வெக்கிறேன். ஆனா அவரும் கதவைச் சாத்திட்டுத்தானே கேக்கணும்?"

*

லூமிஸின் குதிரை வண்டி போன பிறகு அண்ணன் தொழுவத்துக்குப் போய்விட்டார். அங்கிருந்து ரொம்ப நேரம் எதையோ சுத்தியலால் அடிக்கிற சத்தம் வந்தது. உடைந்த பொருள் எதுவும் அங்கே இல்லை என்று எனக்குத் தெரியும்.

நான் விரலை வெண்ணெயில் புதைத்தபடி அடுப்படியில் உட்கார்ந்திருந்தேன். எதிரில் கெத்தூரா எழுதிக்கொண்டிருந்தாள். எழுதினாள் என்றால், ஏர் உழுகிற மாதிரி. காலையில் எழுதி வைத்திருந்த தாள்கள் நான்காகக் கிழிந்து தரையில் கிடந்தன. மேலே கிடந்த துண்டில் ஒரு கோயில் மணி பாதி அடித்த நிலையில் தெரிந்தது.

"அம்மா சொன்னதைக் கேட்டியா?" என்றேன்.

"உக்கிராணச் சுவர் பலகைதானே சித்தப்பா. நீங்க 'நன்றி'ன்னு சொன்னது உட்பட எல்லாம் கேட்டுது."

"அதைக் கதையில போட்டுடாதே."

"போட்டாச்சு. உங்களைப் பாதிரியாரா மாத்திட்டேன்."

தபால் வண்டி நான்கு மணிக்கு விடுதி வாசலில் நிற்கும். இன்றைக்குப் போகாவிட்டால் அந்த வாரப் பத்திரிகையில் கதை வராது. மூன்றே முக்காலுக்கு அவள் கடைசித் தாளை மடித்தாள். தனியாக ஒரு சின்னத் தாளில் நான்கு வரி எழுதி என்னிடம் காட்டினாள்.

'அன்புள்ள ஆசிரியருக்கு, நான் ஐயா அல்ல. இந்த அத்தியாயத்தில் ஒரு சொல்லை மாற்றினாலும் என் கதையைத் திருப்பி அனுப்பிவிடவும். மாற்றாமல் போட்டால் என் முழுப் பெயரையும் போடவும். கெத்தூரா பெக்வித்.'

"வேற யாரு கதை கேப்பாங்க உங்கிட்ட, இவர் வேணாம்னுட்டா?"

"தெரியாது."

"அப்புறம்?"

"தொப்பிக் கடை வெக்கிறேன்," என்று சிரித்தாள்.  உறையை ஒட்டிவிட்டாள்.

"அவ என்னதான் பதில் சொன்னா, செலஸ்டியா? எனக்கு மட்டும் சொல்லு."

"போங்க சித்தப்பா, வண்டி போயிடும்."

ஓடினேன். நான் ஓடுவதைப் பார்த்து விடுதி வாசலில் இரண்டு பேர் எழுந்து நின்றார்கள், எங்கேயோ தீப்பிடித்துவிட்டது என்று. நகர ஆரம்பித்த வண்டியின் பின்னாலேயே நொண்டிக்கொண்டுபோய் உறையைக் கொடுத்தேன். வண்டிக்காரன், "என்ன நீதிபதி, கொலை வழக்கா?" என்றான். "கல்யாண வழக்கு," என்றேன்.

*

திரும்பி வந்தபோது வெயில் தாழ்ந்து தோப்பின் மேல் விழுந்திருந்தது. பறிக்காத ஸ்பை ஆப்பிள்கள் கிளைகளில் அப்படியே இருந்தன.

வீட்டு நடையில் அண்ணனின் தோல் பெட்டி திறந்து கிடந்தது. அவர் அதற்குள் கோடாலியையும் சவரக் கத்தியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்கொண்டிருந்தார். அவருக்குப் பெட்டி அடுக்கத் தெரியாது. இதுவரை அவர் அடுக்கியதில்லை.

அண்ணி உள்ளேயிருந்து கம்பளிக் காலுறைகளைக் கொண்டுவந்தாள். குனிந்து, கோடாலியை வெளியே எடுத்துச் சுவரோரம் சாய்த்தாள். காலுறைகளை ஜோடி ஜோடியாக உள்ளே வைக்க ஆரம்பித்தாள்.

"அங்க குளிர் ஜாஸ்தின்னு உங்க பேப்பர்ல போட்டிருக்கு. கடைசிப் பக்கத்துல, சின்ன எழுத்துல."

"படிச்சியா?"

"உங்க சட்டையைத் துவைக்கிறது நான்தானே."

அண்ணன் அவள் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். சுத்தியல் பிடித்துப் பிடித்து அவர் உள்ளங்கை சிவந்திருந்தது. நான் அந்த வளைந்த முதுகைப் பார்த்தேன். கல்லில்லாத மண்ணை ஒரு தடவையாவது உழ வேண்டும் என்று ஆசைப்படுகிற மனிதன். அதுவும் தப்பான ஆசை இல்லை.

 பிறகு அவர் கேட்டார். தாழ்ந்த குரலில், தரையைப் பார்த்து, பழக்கமில்லாத பாஷையில் பேசுகிறவர் மாதிரி.

"அக்ஸா. என்னோட வர உனக்கு இஷ்டமா?"

இந்தத் தடவை வாசல் கதவு விரியத் திறந்திருந்தது. நடுவில் நான் நின்றிருந்தேன், அடுப்படி வாசலில் மகள் நின்றிருந்தாள்.

"இல்லைங்க," என்றாள் அண்ணி. "ஆனா கேட்டீங்களே."

அண்ணன் தலையை ஆட்டினார். பெட்டியின் ஓரத்தில் மெல்ல உட்கார்ந்தார். பெட்டி முனகியது. தொப்பியைக் கழற்றிச் சுழற்றினார், திரும்பப் போட்டுக்கொண்டார். அப்புறம் கெத்தூராவின் பக்கம் பார்க்காமலே அவளிடம் பேசினார்.

"அந்தப் பொண்ணு என்ன ஆனா?"

"எந்தப் பொண்ணுப்பா?"

"அதான். தொப்பிக் கடைக்காரி." கனைத்தார். "செலஸ்டியா. அந்த மீசைக்காரனைக் கட்டிக்கிட்டாளா, இல்லையா?"

நாங்கள் மூன்று பேரும் அவரைத் திரும்பிப் பார்த்தோம். அவர் கோட்டின் முழங்கையில் ஒரு வைக்கோல் துண்டு ஒட்டியிருந்தது.

கெத்தூராதான் முதலில் சுதாரித்துக்கொண்டாள். "தபால்ல போயிடுச்சுப்பா."

"சொல்லேன்."

"சொல்லமாட்டேன். எல்லாரும் படிக்கிறப்ப நீங்களும் படிங்க."

"பேப்பர் எப்ப வரும்?"

"அடுத்த வியாழனுக்கு மறு வியாழன். போட்டாங்கன்னா."

அண்ணன் விரல்விட்டு எண்ணினார். படகு சனிக்கிழமை. மறுபடி எண்ணினார், நாட்கள் குறையும் என்று எதிர்பார்த்து.

"ஐயோவாவுக்கு அந்தப் பேப்பர் வருமா?" என்று என்னைக் கேட்டார்.

"தெரியலை அண்ணே. பிரசுரத்துல மண்ணைப் பத்தி மட்டும்தான் போட்டிருக்கு."

அவர் எழுந்திருக்கவில்லை. அண்ணி ஏழாவது ஜோடிக் காலுறையைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள், பெட்டிக்குள் வைக்கவும் இல்லாமல், உள்ளே எடுத்துப்போகவும் இல்லாமல்.

அடுப்படி ஜன்னலில் ஆப்பிள் பை இன்னும் வெட்டாமலே இருந்தது. வாசனை நடை வரைக்கும் வந்தது. நான் அந்தப் பக்கம் திரும்பவில்லை. அண்ணியின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.